பௌர்ணமிக்கு மறுநாள்

போன மாதம், தொழிலாளர் துறையில் புதிதாகச் சேர்ந்த சமரச அலுவலர்களுக்கான உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார். அரசுத் துறைத் தொழிற்சங்கங்களோடு பேசுகிற முறையைச் சீர்திருத்த வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே மேடம், நீங்கள் முதலில் எதை மாற்றுவீர்கள் என்று. "ஒரு நாற்காலி கூடுதலா போடுவேன்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. மேடம் ஏதோ ஜோக் அடித்தாள் என்று நினைத்துக்கொண்டு நாளைக்கு நீங்கள் பாட்டுக்குச் சமரசப் பேச்சு நடத்த உட்கார்ந்துவிடுவீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. வாய் ஜாஸ்தியான ஒரு சமரச அலுவலர், தன்னை ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டு, ஒரு நல்ல மனிதரைக் கிட்டத்தட்டக் கவிழ்த்த விஷயம் இது. கடவுள் புண்ணியத்தில் முடிவு நன்றாக இருந்தது. இல்லையென்றால் இதை எழுதுகிற தைரியம் எனக்கு வந்திருக்காது.

திருவண்ணாமலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் காய்ச்சல் வரும். பௌர்ணமி. அன்று மாலையில் தொடங்கி மறுநாள் காலை வரைக்கும் ஜனங்கள் மலையைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பஸ்காரர், போலீஸ்காரர், தண்ணீர் விடுகிறவர், கரண்ட் ஆபீஸ்காரர் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆனால் காலை எட்டு மணிக்குப் பாதையில் போய்ப் பாருங்கள். பேப்பர் கப், தொன்னை, தண்ணீர் பாட்டில் ஒன்றுகூட இருக்காது. அத்தனையும் தானாக எழுந்து போய்விடுவதில்லை. துப்புரவுப் பணியாளர்கள் விடிய விடியப் பெருக்குகிறார்கள்.

பாதையில் ஒரு பகுதி ஓர் உள்ளாட்சி நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. எது என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். அங்கே வேலை செய்தவர்கள் முக்கால்வாசிப் பேர் பெண்கள், எல்லாரும் நிரந்தரப் பணியாளர்கள். மற்ற நாட்களில் காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை வேலை. பௌர்ணமி அன்று மட்டும் மாலை ஆறு மணிக்கு வந்து மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் துடைப்பத்தைக் கீழே வைப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் இருந்தது. அந்த எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அன்றைக்கு அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். எந்த உத்தரவிலும் இது இல்லை. பதினைந்து வருஷமாக நடந்துவந்தது, அவ்வளவுதான்.

இதை நடத்திவந்தவர் மேஸ்திரி. பெயர் காதர். எல்லாருக்கும் காதர் பாய். ஊரில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம், அப்பாவுக்குத் தோல் மண்டி. ஒல்லியான ஆள். பேசினால் எதிரில் இருப்பவருக்கே கேட்காது. வருகையைக் குறிக்கிற மஸ்டர் நோட்டு அவர் கையில். பௌர்ணமிக்கு மறுநாள் பக்கத்திலும் அத்தனை பேருக்கும் ஆஜர் போட்டிருப்பார்.

புதிதாக ஒரு நிர்வாக அதிகாரி வந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு, நேர்மையானவர். அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள், நானே கொஞ்ச நாள் அப்படி நினைத்துத்தான் கோட்டைவிட்டேன். வந்ததும் அலுவலக வாசலில் கைரேகை வைக்கிற மெஷினை மாட்டினார். அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் மெஷினில் ஒரு ரேகைகூட விழவில்லை. என்ன இது என்று விசாரித்தார். மறுநாள் லீவு சார், வழக்கம் சார் என்றார்கள். எந்த உத்தரவில் இருக்கிறது என்று கேட்டார். இனிமேல் பௌர்ணமி வேலை முடிந்ததும் வழக்கம்போல மதியம் இரண்டு வரை இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அடுத்த பௌர்ணமிக்கு அப்படியே இருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்தவர்கள் மறுநாள் மதியம் வரை. பங்குனி வெயில். அடி அண்ணாமலை பக்கத்தில் ஒரு பெண் துடைப்பத்தைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றி, பிழைத்துக்கொண்டாள். அன்று மாலையே சங்கம் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தது. சித்ரா பௌர்ணமி அன்று வேலைக்கு வர மாட்டோம் என்று. வருஷத்திலேயே கூட்டம் அலைமோதுகிற பௌர்ணமிகளில் ஒன்று அது. நோட்டீஸ் என் மேசைக்கு வந்தது.

முதல் அமர்வு என் அறையில். ஒரு பக்கம் நிர்வாக அதிகாரி. எதிரில் சங்கத் தலைவர். தலைவர் வேலூர்க்காரர், நான்கைந்து மாவட்டத்துச் சங்கங்களைப் பார்த்துக்கொள்கிறவர், நல்ல பேச்சாளர். துடைப்பத்தைக் கையால் தொட்டதில்லை. அவரோடு வந்த பெண்கள் இரண்டு பேர் சுவரோரமாக நின்றார்கள். பச்சையம்மா அவர்களில் ஒருத்தி. மஸ்டர் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்த காதர் பாய் கதவோரம் நின்றார். மூன்று நாற்காலி, மூன்றும் பெரிய மனுஷர்களுக்கு. எங்கள் அலுவலகத்தில் எப்போதும் அப்படித்தான். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

தலைவர் வழக்கம், வழக்கம் என்று முழங்கினார். அதிகாரி மஸ்டரைத் திறந்து காட்டினார். இதோ பாருங்கள், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் எல்லாரும் ஆஜர். எங்கே லீவு, எங்கே வழக்கம் என்றார். தலைவர் திணறிப்போனார்.

எனக்குச் சட்டம் தெரியும் இல்லையா, அந்தத் திமிர். வழக்கமாக இருந்துவரும் சலுகையை முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தக் கூடாது. வழக்கம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால் போதும், அதிகாரியின் உத்தரவு நிற்காது. பேச்சு அன்றைக்கே முடிந்துவிடும். கதவுப் பக்கம் திரும்பினேன்.

"பாய், மறுநாள் இவங்க வேலைக்கு வருவாங்களா?"

"வர மாட்டாங்கங்க."

"ஆனா நீங்க ஆஜர் போட்டுருக்கீங்க."

"ஆமாங்க."

வெற்றி என்று நினைத்தேன். அந்த இரண்டு வரியையும் அப்படியே மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், எழுதச் சொன்னேன். டைப் ஆனது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது. தலைவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அதிகாரி மட்டும் படித்தார், நிதானமாக. ஒரு பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"அப்போ பதினஞ்சு வருஷமா பொய் ஆஜர் போட்டுருக்கார்னு அவரே ஒத்துக்கிட்டார் மேடம். நான் மெமோ குடுத்துத்தான் ஆகணும்."

காதர் பாய்க்கு ஓய்வுபெற மூன்றே மாதம். ஒரு விசாரணை நிலுவையில் இருந்தால் பென்ஷன் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அது எத்தனை வருஷம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு வேறு வருமானம் கிடையாது, பெண்ணுக்குக் கல்யாணம் வேறு நிச்சயம் ஆகியிருந்தது. எவரும் அவர் மேல் புகார் கொடுக்கவில்லை. நான் கேட்டேன், அவர் உண்மையைச் சொன்னார், நான் எழுதினேன். தலையில் கல்லைத் தூக்கிப் போட்டவள் நான்.

அன்று மாலை தலைவர் தனியாக வந்தார். அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டு வேறு பக்கம் அடித்துவிடலாமே மேடம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். ஆசை வந்தது. மறைக்க மாட்டேன். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நேர்மையால் மட்டும் மறுத்தேன் என்று சொன்னால் அது பீற்றல். ஒரு பிரதி அதிகாரியின் பையில் இருந்ததும் காரணம்.

இரண்டு நாள் கழித்து அதிகாரியே ஒரு வழி சொன்னார். சங்கம் கோரிக்கையை வாபஸ் வாங்கட்டும், நானும் பழைய மஸ்டரைக் கிளறாமல் விட்டுவிடுகிறேன் என்று. அவருக்கும் காதர் பாயை அழிக்க ஆசை இல்லை. என் மேலதிகாரி போனில் கூப்பிட்டு, நல்ல யோசனைதானே, சித்ரா பௌர்ணமி நெருங்குகிறது, கையெழுத்தை வாங்கி முடியுங்கள் என்றார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பாய் தப்புவார். ஸ்டிரைக் இல்லை. ஃபைல் மூடிவிடும். சாயங்காலமே தலைவரை வரச் சொல்லலாம் என்று போனை எடுக்கப்போனேன்.

அப்போது பச்சையம்மா வந்தாள். தலைவர் இல்லாமல், தனியாக. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், சேலை முந்தானையில் இன்னும் தூசி. கதவருகிலேயே நின்று சொன்னாள்.

"நாங்க உட்டுக் குடுத்துடறோம் மேடம். எங்களுக்கு அந்த லீவு வோணாம். பாய்க்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

"எல்லாரும் ஒத்துக்கிட்டீங்களா?"

"பேசிக்கினுதான் வந்தேன். விழுந்தாளே, அவகூட சரின்னுட்டா. ஒரு வாட்டி விழுந்தவ இன்னொரு வாட்டி விழ மாட்டாளான்னு பயமாத்தான் கீது. அதுக்கு இன்னா பண்றது?"

நான் கேட்க நினைத்ததும் இதுதான், அவளே கொண்டுவந்து கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் சொன்ன விதம் என்னைக் குத்தியது. நான் செய்த தப்புக்கு அவர்கள் தண்டம் கட்டுகிறார்கள். எனக்கு என் மேலேயே எரிச்சல். அந்த எரிச்சலை அவளிடம் காட்டினேன். உட்காரம்மா முதலில், ஏன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று அதட்டினேன். அவள் பயந்துபோய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். உட்கார வைத்துவிட்டேன், ஏதாவது பேச வேண்டும். பௌர்ணமி அன்றைக்கு என்னதான் செய்வீர்கள், ஆரம்பத்திலிருந்து சொல் என்றேன். அந்த ஃபைலில் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான். வாய்க்கு வந்ததைக் கேட்டேன், யோசித்துக் கேட்கவில்லை.

அவள் சொன்னாள். சாயங்காலம் சோறாக்கி வைத்துவிட்டு ஆறு மணிக்கு வருவார்கள். கூட்டம் குறைகிற இடமாகப் பார்த்துக் குப்பையை வாருவார்கள். பன்னிரண்டு மணிக்குக் காதர் பாய் கேனில் டீ கொண்டுவருவார்.

"டீ குட்சதும் பேர் கூப்புடுவாரு. நாங்க உள்ளேன்னு சொல்லுவோம். நோட்டுல எழுதிக்குவாரு. அப்பறம் எட்டு மணி வரிக்கும் குனிஞ்ச தல நிமிர மாட்டோம். வூட்டுக்குப் போய் வுழுந்தா சாயங்காலந்தான் முழிப்பே வரும். பாய்தான் பாவம், அவரு போவ மாட்டாரு."

"ஏன்?"

"தெர்ல. எங்கள அனுப்பிட்டு ரெண்டு மணி வரிக்கும் ஆபீஸ் படியிலயே ஒக்காந்துனு இருப்பாரு. எத்தினி வாட்டி சொல்லியாச்சு, கேக்க மாட்டாரு."

எனக்கு டீ கேன் மேல்தான் கண். பன்னிரண்டு மணிக்கு எதற்குப் பேர் கூப்பிட வேண்டும்? எந்தப் பக்கத்தில் எழுதினார்? பச்சையம்மாவுக்குத் தெரியவில்லை. நான் ஆட்டோ பிடித்து நேராகக் காதர் பாய் வீட்டுக்கே போனேன். சமரச அலுவலர் ஒரு தரப்பு ஆளின் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். அதிகாரிக்குப் போன் செய்து, போகிறேன், ஒரு கேள்வி கேட்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பாய் என்னைப் பார்த்ததும் மெமோ வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுகிற பேரை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

"மறுநாள் பக்கத்துலதாங்க. அவங்க தூங்கப் போறாங்க, ஆஜர் போடணும். கண்ண மூடிக்கினு பொய் எழுத கை வரல. அதான், டீ குடுத்துட்டு ஆளப் பார்த்து, பேர் கூப்புட்டு எழுதுவேன். எங்க வீட்ல மக்ரிப் தொழுகை ஆச்சுன்னாவே அடுத்த நாள் வந்துடுச்சுன்னு கணக்குங்க. ஆனா ஆபீஸ்ல காலைல ஆறு மணிதான நாளு. அதனால தப்புதான்னு எனக்கும் தெரியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு நாள் சூரியன் மறைந்ததும் பிறக்கிறது. பச்சையம்மாவுக்குப் பொழுது விடிந்தால்தான் மறுநாள். துப்புரவுப் பிரிவுக்கு ஆறு மணி. அரசாங்கத்துக்கு எப்போது பிறக்கிறது என்று நாங்கள் ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறிவிடுகிறது. பன்னிரண்டிலிருந்து எட்டு மணி வரைக்கும் எண்ணிப் பாருங்கள். எட்டு மணி நேரம், ஒரு முழு நாள் வேலை. மறுநாள் வேலையை முடித்துவிட்டுத்தான் அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஆஜர் போட்டது பொய்யே இல்லை. மறுநாள் வேலைக்கு வருவார்களா என்று நான் கேட்டேன், வர மாட்டார்கள் என்று அவர் சொன்னார். அவர்கள் வர வேண்டியதில்லை, ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள்! கேள்வியே கோணல்.

இதைப் பாயிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நீங்கள் நல்ல மனசோடு சொல்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே இரண்டாவது அமர்வு. இந்த முறை தலைவர் பேசுவதற்கு முன்னால், பச்சையம்மா மேசையில் உட்கார வேண்டும் என்றேன். தலைவருக்குப் பிடிக்கவில்லை. சங்கத்தின் சார்பில் நான் இருக்கிறேனே என்றார். இருங்கள், வேலையைப் பற்றி வேலை செய்கிறவள் சொல்லட்டும் என்றேன். நாற்காலி போதவில்லை. அதிகாரி எழுந்துபோய்ப் பக்கத்து அறையிலிருந்து இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஒன்று காதர் பாய்க்கு. அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே பாதி குறைந்துவிட்டது.

போன அமர்வில் நான் கேட்ட கேள்வி தப்பு என்று முதலில் எழுதச் சொன்னேன். டைப்பிஸ்ட் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடி, அப்படியே அடி என்றேன். பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும், அதற்குப் பின்னால் இந்தப் பக்கம் வரட்டும். பிறகு பச்சையம்மாவை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். டீ, பேர் கூப்பிடுவது, எட்டு மணி எல்லாம் வந்தது. அதிகாரி கவனமாகக் கேட்டார். ஆனாலும் ஒத்துக்கொள்ளத் தயங்கினார். இதெல்லாம் இப்போது கண்டுபிடித்த கணக்கு மாதிரி இருக்கிறது என்றார்.

பச்சையம்மா மேசை மேல் கிடந்த அவருடைய உத்தரவை எடுத்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"சார், பௌர்ணமி சாயங்காலம் ஆறுலருந்து மறுநாள் காலைல எட்டு வரிக்கும் வேலைன்னு நீங்கதான் எழுதிக்கீறீங்க. மறுநாள்னு நீங்களே போட்டுட்டு, மறுநாள் நாங்க வேலைக்கு வர்லன்னா எப்டி?"

அதிகாரி வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது நான் எழுதுனதுதான்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

இருந்தாலும் அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். நானே முடிவு செய்தால் நாளைக்குத் தணிக்கைக்காரர் கேட்பார், அடுத்து வருகிற அதிகாரி மாற்றிவிடுவார், வெளியாள் ஒருவர் எழுதித் தரட்டும் என்றார். நடுவரிடம் விடலாம் என்றேன். இரண்டு தரப்பும் சம்மதித்து ஒரு நடுவரை ஏற்றுக்கொள்ளும் வழி சட்டத்தில் இருக்கிறது. யாரும் நடக்காததால் புல் முளைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நடுவருன்னா எங்க பேரப் புள்ளைங்க கல்யாணத்துக்குத்தான் தீர்ப்பு வரும் மேடம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் நடுவரிடம் ஒரு மூட்டைக் கேள்வியைத் தூக்கிக் கொடுப்போம், இரண்டு பக்கத்து வக்கீல்களும் வாய்தா மேல் வாய்தா வாங்குவார்கள். அதனால் அன்று மூன்று விஷயம் எழுதினேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பௌர்ணமி இரவு பன்னிரண்டு முதல் காலை எட்டு வரை செய்த வேலை எந்தத் தேதியின் வேலை? வேலை நடக்கிற இடத்தில், வேலை செய்கிறவர்கள் வாயால் கேட்க வேண்டும். சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் தீர்ப்பு வர வேண்டும், அதுவரை ஸ்டிரைக்கும் கிடையாது, மெமோவும் கிடையாது. இப்போது சட்டம் மாறியிருக்கிறது, பிரிவு எண்களெல்லாம் மாறியிருக்கின்றன, எனக்கே தலை சுற்றுகிறது. இந்த மூன்றுக்கும் எந்தச் சட்டத்திலும் தடை இருக்காது.

நடுவராக ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் வந்தார். அடி அண்ணாமலையில் பாதையோரத்து டீக்கடை பெஞ்சில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார். டீ கேனைக்கூடப் பார்க்க வேண்டும் என்றார். பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னால் தீர்ப்பு வந்தது, இரண்டே பக்கம். அது மறுநாள் தேதியின் வேலை. மஸ்டரில் எழுதியது உண்மை. ஒரே தேதியில் இரண்டாவது முறை வேலை வாங்க முடியாது, ஆகவே எட்டு மணிக்கு மேல் அவர்கள் வீட்டுக்குப் போகலாம். எல்லாரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தேன். அதிகாரி மெமோ இல்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தப் போகிற மாதிரி எழுந்து போனேன்.

காதர் பாய் தீர்ப்பின் ஒரு பிரதியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். என் மேல் கோபமோ என்னவோ என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கோபப்பட்டாலும் நியாயம்தான்.

சித்ரா பௌர்ணமி முடிந்த காலையில் நானும் மலை சுற்றப் போனேன். வேண்டுதல் என்று ஒன்று இருந்தது, அதை விடுங்கள். அடி அண்ணாமலை வரும்போது மணி எட்டு. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பாதை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பெண்கள் மேல்கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த பச்சையம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். போன மாதம் விழுந்த பெண்ணும் இருந்தாள். எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டுகிறது மேடம் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

காதர் பாய் டிவிஎஸ் வண்டியில் காலிக் கேனைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து தீர்ப்புக் காகிதத்தை எடுத்தார். மடித்த இடமெல்லாம் தேய்ந்து கிழிகிற மாதிரி ஆகியிருந்தது.

"எம் பொண்ண உட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேங்க. நாலஞ்சு வாட்டி. உங்களாண்டயும் ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பாய்."

"அப்போ பதினஞ்சு வருஷமா நான் பொய் எழுதலீங்களா?"

மெமோ, பென்ஷன், என் கேள்வி எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை.

"இல்ல பாய். ஒரு நாள்கூட எழுதல."

காகிதத்தை மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்தார். மஸ்டர் நோட்டை வண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அந்தப் பெண்கள் தூங்கப் போன ஒவ்வொரு காலையிலும், யாராவது வந்து கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆளாவது இருக்கட்டும் என்று இரண்டு மணி வரைக்கும் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

"அப்போ நானும் தூங்கப் போறேங்க" என்றார்.

வண்டியைக் கிளப்பினார். ஆபீஸுக்குப் போகிற திருப்பம் வந்தது. வண்டி திரும்பவில்லை. நேராக வீட்டைப் பார்த்துப் போய்விட்டது.